இருபத்து மூன்றாம் நம்பர்

அத்தியாயம் 8

“அதான் கேக்கறன். ஆளுக்கு ஒரு வாய் இருக்குது, பேர் இருக்குது. அப்புறம் இன்னாத்துக்கு நம்பர்?”

“பேர் சொல்லிக் கூப்ட்டா நாலு கலியம்மா ஒண்ணா ஏந்திரிப்பாங்க. நாப்பத்திரண்டு பேருங்க. ஒரு மனுஷன் எப்டி மேய்க்கிறது?”

“மேய்க்கிறதுன்னு நீயே சொல்ற பாரு.”

“சொன்னன். அதுக்கின்னா?”

“ரயில்ல போலாம், ருக்கு. நீயும் நானும் மட்டும். நீ திரும்பிப் பாத்தா நான் இருப்பன். நான் திரும்பிப் பாத்தா நீ இருப்ப. எண்ண வேண்டியதே இல்ல.”

“அங்க போய் இன்னா பேசுவீங்க? இந்தி தெரியுமா?”

“பிரெஞ்சு தெரியும்.”

“காசியில பிரெஞ்சுக்காரன் இட்லிக் கடை போட்டிருக்கானா?”

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த தனக்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆதிமூலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாகூர் கடைத்தெருவில் பஸ் நின்றிருந்தது. இன்னும் விடிந்து முடியவில்லை. மார்கழிப் பனியில் கடைகளின் பலகைக் கதவுகள் எல்லாம் நனைந்து கறுத்திருந்தன.

கணவர் ஆதிமூலத்தைக் கேட்காமல் ருக்குமணி, யாத்திரை நடத்தும் கனகராஜின் பாத்திரக் கடைக்குப் போய் இரண்டு பேரையும் பதிந்துவிட்டு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இருபத்தாறு நாள் யாத்திரை. பஸ்ஸிலேயே காசி, கயா, அலகாபாத். சமையல்காரர் கூடவே வருகிறார். இந்தி பேச கனகராஜ் இருக்கிறார். கூட்டத்தோடு போனால் தொலையமாட்டோம் என்பதுதான் ருக்குமணியின் கணக்கு. அவளுக்குத் தொலைவது என்றால் அவ்வளவு பயம். கடலூர் சந்தையில் கூட அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள்.

ஆதிமூலம் பத்து நாள் அவளோடு பேசவில்லை. பதினொன்றாம் நாள், “வெள்ளோட்டத்துக்கு மட்டும் வர்றன். அதுக்கப்புறம் சொல்றன்” என்றார்.

அந்த வெள்ளோட்டம்தான் இன்று. வருஷா வருஷம் கனகராஜ் யாத்திரைக்கு முன்னால் எல்லோரையும் ஒரு நாள் பக்கத்து ஊருக்குக் கூட்டிப் போவார். யாருக்குக் கூட்டம் ஒத்துவரும், யாருக்கு ஒத்துவராது என்று அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும் என்பார். காலையில் சிதம்பரம். சாப்பாட்டுக்கு அப்புறம் பிச்சாவரத்தில் படகு. காசியில் கங்கையில் படகு ஏற வேண்டும், ஏறி உட்காரத் தெரியாமல் ஒருத்தர் ஆடினால் பத்துப் பேர் தண்ணீரில் விழுவார்கள் என்று அதையும் சேர்த்திருந்தார்.

கனகராஜ் ஏறி வந்தார். கையில் ஒரு பை. பைக்குள் அலுமினியத் தகடுகள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் கயிறு. குடத்திலும் தவலையிலும் பேர் வெட்டுகிற உளியால் அவரே நம்பர் வெட்டியிருந்தார்.

“கழுத்துல போட்டுக்கணும். குளிக்கறப்ப கூட கழட்டக் கூடாது.”

“எங்க வூட்டு எருமைக்குக் கூட மணிதான் கட்டியிருக்குது, நம்பர் கட்டல” என்றாள் வள்ளியம்மாள் கடைசி சீட்டிலிருந்து.

“உங்க எருமை காசிக்கு வந்தா அதுக்கும் வெட்டித் தர்றன்மா.”

பஸ் முழுக்கச் சிரித்தது. கனகராஜ் சிரிக்கவில்லை. அவர் ஐம்பது வயது மனிதர், மெலிந்தவர், பேசும்போது எப்போதும் எதையோ தேடுகிற கண்கள்.

“ஒரே ஒரு சட்டம். நான் விசில் அடிச்சா எல்லாரும் பஸ்ஸுக்கு வரணும். ஒண்ணுலேருந்து வரிசையா அவங்கவங்க நம்பர அவங்கவங்க வாயால சொல்லணும். புருஷனுக்குப் பொண்டாட்டி சொல்லக் கூடாது. அண்ணிக்கு நாத்தனார் சொல்லக் கூடாது. மூணு வருஷம் முந்தி ஒரு அம்மா, ‘அண்ணி இதோ வந்துகினே இருக்குது’ன்னு அவங்களுக்கும் சேத்து சொல்லிட்டாங்க. அறுபது மைல் போயிட்டம். ரெண்டு நாள் கழிச்சி அந்த அண்ணிய கண்டுபிடிச்சப்ப அவங்களுக்கு அவங்க பேரே சொல்லத் தெரியல.”

வள்ளியம்மாளே முதலில் கை நீட்டித் தகட்டை வாங்கிக்கொண்டாள்.

ருக்குமணிக்கு இருபத்திரண்டு. ஆதிமூலத்துக்கு இருபத்து மூன்று. தனக்கொடிக்கு இருபத்து நான்கு.

ஆதிமூலம் தகட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கழுத்தில் போடவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுப் பித்தானை மாட்டினார்.

“போட்டுக்கங்க. எல்லாரும் பாக்கறாங்க” என்றாள் ருக்குமணி.

“பட்டாளத்துல பதினஞ்சி வருஷம் போட்டாச்சி” என்றார்.

குருவிநத்தத்தில் அவர் வீட்டுக்கு ‘சொல்தா வீடு’, அதாவது சிப்பாய் வீடு என்று பேர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறி, சைகோனில் சண்டை போட்டுத் திரும்பியவர். அதே கப்பலில் அதே ஊரிலிருந்து போன இன்னொருவன் பச்சையப்பன். பச்சையப்பன் திரும்பவில்லை. பட்டாளத்தை விட்டு ஓடிவிட்டான் என்று காகிதம் வந்தது. அந்த ஊர்ப் பெண் ஒருத்தியோடு இருக்கிறான் என்று பேச்சு வந்தது. கல்யாணமாகி எட்டே மாதம் அவனோடு வாழ்ந்த தனக்கொடி, இருபத்து நான்கு வருஷமாக நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை.

இந்த வருஷம்தான் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அவனைச் செத்தவனாக நினைத்துக் கயாவில் திதி கொடுத்துவிடுவது என்று. சொல்தா அண்ணன் வருகிறார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் அவளும் பெயர் கொடுத்தாள்.

சிதம்பரத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. ருக்குமணி தரிசனம் பார்த்ததை விட அதிகமாகக் கணவரின் முதுகைப் பார்த்தாள். விசில் அடித்ததும் அவர்தான் முதலில் பஸ்ஸுக்கு வந்தார். இருபத்து மூன்று வந்தபோது ஒரு மூச்சு தாமதம். பிறகு மெல்லிய குரலில் சொன்னார். அவளுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது.

“பாத்தீங்களா? ஒண்ணுமில்ல. காசி வரைக்கும் இப்டியே போயிட்டு வந்துடலாம்.”

“ம்.”

“சாப்பாடு எப்டி?”

“புளிசாதம் வேணாம்னு சொல்லு. வேற இன்னா குடுத்தாலும் சரி.”

அவர் வீட்டிலும் புளி சேர்ப்பதில்லை. வயிற்றுக்கு ஆகாது என்பார். கல்யாணமான நாளிலிருந்து ருக்குமணி அவருக்கு மட்டும் தனியாக எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

பிச்சாவரத்தில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. படகுக்கு எட்டுப் பேர். ருக்குமணி, ஆதிமூலம், தனக்கொடி ஒரே படகில். கொஞ்ச தூரம் அகன்ற தண்ணீர். பிறகு படகு ஒரு சந்துக்குள் திரும்பியது.

இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள். கிளைகள் தலைக்கு மேல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, வெளிச்சம் பச்சையாக, பழைய கண்ணாடி வழியே வருவதுபோல வந்தது. மரங்கள் தரையில் நிற்கவில்லை. தங்கள் வேர்களின் மேலேயே ஏறி, விரல்களை ஊன்றிக்கொண்டு நிற்பதுபோல் தண்ணீரில் நின்றன. துடுப்புச் சத்தம் தவிர ஒரு சத்தம் இல்லை. உலகத்தின் வேறு ஏதோ ஒரு மூலையில் இறங்கிவிட்டதுபோல் ருக்குமணிக்கு இருந்தது.

“எவ்ளோ குளிர்ச்சியா இருக்குது” என்று தனக்கொடி தண்ணீரில் கைவிட்டாள்.

“கைய எடு” என்றார் ஆதிமூலம்.

அவர் குரல் அவர் குரலாக இல்லை. தனக்கொடி கையை எடுத்துக்கொண்டாள். ருக்குமணி திரும்பிப் பார்த்தாள். அவர் படகுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தார். தலை முழங்காலுக்கு அருகில் இருந்தது. கண் மட்டும் வேர்களையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனது, எதையோ பார்த்துவிடக் கூடாதே என்பதுபோல. கழுத்தில் வியர்வை ஓடியது.

“இன்னாங்க பண்ணுது?”

அவள் அவர் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது.

கரையில் இறங்கியதும் அவர் நேராகப் பஸ்ஸுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் விசில்.

கனகராஜ் படியில் நின்றுகொண்டு நோட்டைப் பார்த்தபடி எண்ணுவார். தலை நிமிர மாட்டார். காதால்தான் எண்ணுவார்.

“ஒண்ணு.”

“ரெண்டு.”

குரல்கள் பின்னாலிருந்து முன்னால் வந்தன. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று.

“இருபத்திரண்டு” என்றாள் ருக்குமணி.

பிறகு ஒன்றுமில்லை.

அவள் திரும்பினாள். ஆதிமூலம் வாயைத் திறந்திருந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண் எதிர் சீட்டின் கம்பியில் நின்றிருந்தது.

“இருபத்து மூணு” என்றார் கனகராஜ், நோட்டைப் பார்த்தபடி.

முன் சீட்டில் தனக்கொடி தன் நம்பரைச் சொல்வதற்காகக் காத்திருந்தாள். அவள் தலை மெதுவாகத் திரும்பியது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ருக்குமணியால் தாங்க முடியவில்லை.

“இருபத்து மூணு” என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஆதிமூலம் நெருப்பு பட்டதுபோல் எழுந்தார். அவள் மடியைத் தாண்டி, வழியில் நின்றவர்களைத் தள்ளி, கனகராஜையும் இடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கனகராஜ் நோட்டை மூடினார். கோபப்படவில்லை. அதுதான் ருக்குமணிக்கு இன்னும் பயமாக இருந்தது.

“கால் மணி நேரம் டீ குடிங்க எல்லாரும்” என்றார்.

ஆதிமூலம் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ருக்குமணி பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். டீக்கடை தூரத்தில் இருந்தது. கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை.

“உடம்புக்கு இன்னா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல.”

“அப்புறம்?”

“நீ ஏன் எனக்கு பதிலா சொன்ன?”

“எல்லாரும் பாத்தாங்க. நான் இன்னா பண்றது? நீங்கதான் அங்கயே இருக்கீங்களே. இல்லாத ஆளுக்கா சொன்னன்?”

அவர் ஒரு சிப்பியை எடுத்து மணலில் கீறினார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நான் இல்லாத ஆளுக்குச் சொன்னன்.”

ருக்குமணிக்குப் புரியவில்லை.

“அங்க சைகோன்ல சாயங்காலம் அப்பேல் எடுப்பான், ஆள் எண்ணிக்கை. பேரப் படிப்பான். இருக்கறவன் ‘பிரேசான்’னு சொல்லணும். இருக்கேன்னு அர்த்தம். அன்னிக்கு மழ. முகம் தெரியாத மழ. பச்சையப்பன் பேரப் படிச்சான். அவன் இல்ல. நான் குரல மாத்தி ‘பிரேசான்’னேன்.”

“அவர் எங்க போயிருந்தாரு?”

“புளி வாங்க.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“ஆத்துக்கு அந்தாண்ட ஒரு கடைத்தெரு. அங்க நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் கடை வெச்சிருந்தான். புளி இருக்குதுன்னு யாரோ சொன்னாங்க. ஏழு மாசமா நாக்கு செத்துப்போயி கெடந்தம். மத்தியானம் போறன், அப்பேலுக்குள்ள வந்துடுவன், வரலன்னா நீ சொல்லிடுன்னான். எல்லாரும் அப்டி சொல்றதுதான். அவன் எனக்கு ரெண்டு வாட்டி சொல்லியிருக்கான்.”

“அப்புறம்?”

“நான் வாய மூடிகினு இருந்திருந்தா அப்பவே வெளக்கு எடுத்துகினு ஆளுங்க போயிருப்பாங்க. காலையிலதான் இல்லன்னு கண்டுபிடிச்சாங்க. சாயங்காலம் இருந்தான், காலையில இல்ல, அப்ப ராத்திரி ஓடிட்டான்னு எழுதிட்டான். நான் சும்மா நின்னன். மாத்திச் சொன்னா என்னைப் புடிப்பான்.”

ருக்குமணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“ஓடலியா அவரு?”

“மூணாம் நாள் படகுல ரோந்து போனம். இதே மாதிரி சந்து. இதே மாதிரி வேர். வேர்ல மாட்டிகினு பொணமா கெடந்தான். கால்ல மூங்கில் முள்ளு ஏறியிருந்துது. பொறி வெச்சிருப்பாங்க அங்கல்லாம். அந்த வேர் வரைக்கும் நகந்து வந்திருக்கான். கூப்ட்டுகூட இருப்பான். எத்தினி நாழி கத்தினானோ.”

“நீங்க…”

“படகு நிக்கல. நான் நிறுத்தச் சொல்லல. என்னைத் தவிர யாரும் பாக்கல.”

அவர் குரலில் அழுகை இல்லை. அழுதால் நன்றாக இருக்குமே என்று ருக்குமணிக்குத் தோன்றியது.

அவள் டீக்கடைப் பக்கம் பார்த்தாள். அங்கே பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் தனக்கொடி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பெரிய வட்டப் பொட்டு இங்கேயிருந்தே தெரிந்தது.

இருபத்தாறு நாள். ஒரே பஸ். முன் சீட்டில் அவள், பின் சீட்டில் இவர். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை இருபத்து மூன்று என்று இவர் சொல்ல, அதைக் கேட்டு அவள் இருபத்து நான்கு என்று சொல்ல வேண்டும். கூட்டத்தோடு போனால் தொலையமாட்டோம் என்று நினைத்தாளே, தொலைய முடியாதது எவ்வளவு பயங்கரம் என்று அவளுக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

“ரயில்ல போலாம்” என்றாள். “இல்ல, போகவே வேணாம். வூட்லயே இருந்துக்கலாம்.”

“ம்.”

“அவங்களுக்குத் தெரியுமா? யாருக்காவது சொல்லியிருக்கீங்களா?”

“உனக்குத்தான் இப்ப சொன்னன்.”

“சொல்லாதீங்க” என்றாள் ருக்குமணி. சொன்ன பிறகு அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்தது என்பதே அவளுக்கு நடுக்கமாக இருந்தது. “இத்தினி வருஷம் கழிச்சி சொல்லி இன்னா ஆகப்போவுது?”

மணலில் காலடி கேட்டது. கனகராஜ்.

“சொல்தா அய்யா, தப்பா நெனைக்காதீங்க. கூட்டம் எல்லாருக்கும் ஒத்துவராது. எங்க அப்பாவுக்கே ஒத்துவரல, பாதி வழியில எறங்கி தனியா ரயில் ஏறி வந்துட்டாரு. இன்னிக்கு முடிவு சொல்லிட்டா நல்லது. வேற ரெண்டு பேரு வில்லியனூர்லேருந்து கேட்டுகினு இருக்காங்க. வர்றதா இருந்தா நம்பர நீங்களே சொல்லணும். அவ்ளோதான் எனக்கு வேணும்.”

“நாங்க வரல” என்று சொல்ல ருக்குமணி வாயெடுத்தாள்.

“அய்யோ, அண்ணா வரலன்னா நானும் வர மாட்டன்.”

தனக்கொடி வந்து நின்றாள். இரண்டு கையிலும் இரண்டு டீ கிளாஸ். முந்தானையால் சுற்றிப் பிடித்திருந்தாள். ஒன்றை ஆதிமூலத்திடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“படகுல தல சுத்திடுச்சி போல. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துது” என்றாள். “குடிங்க. சக்கர தூக்கலா போடச் சொன்னன்.”

கனகராஜ் ஒரு நிமிஷம் மூன்று பேரையும் பார்த்தார். “சரி, பஸ் எடுக்கறதுக்குள்ள சொல்லுங்க” என்று நடந்தார்.

ருக்குமணி எழுந்தாள். “வா தனக்கொடி, நாம போலாம். அவர் கொஞ்சம் காத்தாட இருக்கட்டும்.”

“இருங்க அண்ணி. அண்ணாகிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் காலையிலேருந்து நேரம் பாத்துகினு இருக்கறன்.”

“அப்புறம் கேட்டுக்கலாமே.”

“அப்புறம்னா எனக்கு வாய் வராது.”

அவள் ஆதிமூலத்துக்கு எதிரில் மணலில் உட்கார்ந்தாள். அவர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊர்ல இன்னா பேசறாங்கன்னு எனக்குத் தெரியும்ணா. வேற பொண்ண கட்டிகினாரு, புள்ள குட்டி இருக்குதுன்னு. அப்டி இருந்தா நல்லா இருக்கட்டும்னுதான் நானும் பொட்டு வெச்சிகினு இருந்தன். ஆனா வர்ற மனுஷனா இருந்தா ஒரு காகிதமாவது போட்டிருப்பாரு. எட்டு மாசத்துல என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல அவரு. உங்களுக்குத் தெரியாதா.”

பஸ்ஸிலிருந்து ஹாரன் சத்தம் வந்தது. தனக்கொடி திரும்பவில்லை.

“கனகராஜ் அண்ணன் சொல்றாரு, கயாவுல அய்யரு கேப்பாராம். எந்த மாசம், எந்த நாளுன்னு. தெரியாதவங்களுக்கு அமாவாச போதும்ங்கறாரு. எனக்கு அது வேணாம்ணா. ஊரு முழுக்க செத்தவங்களுக்கெல்லாம் பொதுவா வர்ற நாளு. அவருக்குன்னு ஒரு நாளு வேணும். வருஷா வருஷம் அன்னிக்கு மட்டும் பட்டினி கெடக்கறதுக்கு.”

ருக்குமணி கணவரின் தோளைத் தொட்டாள். அந்தத் தோள் மரக்கட்டை மாதிரி இருந்தது.

“கூட இருந்தது நீங்க ஒருத்தர்தான். தெரிஞ்ச நாளா இருந்தா அத சொல்லுங்க. தெரியலன்னா, உங்க மனசுக்கு இந்த நாளா இருக்கும்னு படுதில்ல, அதையாவது சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் எனக்கு அவர் நாளு. வேற யாரையும் இனிமே நான் கேக்க மாட்டன். சொல்லுங்கண்ணா.”